சட்டென்று வந்த நன்றி

இணையப் பக்கங்களில் படிவம் அமைப்பதுதான் என் பிழைப்பு. பெயருக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம், படிப்புக்கு ஒரு கட்டம், கடைசியில் ஒரு பொத்தான். அழுத்துகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பொத்தான் எங்கே அனுப்புகிறது என்பதை வைத்து ஒரு மனிதனின் வாழ்க்கையை முடக்கிப் போட்டதை உத்திரமேரூரில் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த மனிதன் என் அண்ணன்.

எங்கள் குடியிருப்பு ஏரிக்கரையின் கோடியில் இருக்கிறது. இருளர் குடும்பங்கள். ஊர் எங்கே முடிகிறது என்று யாராவது கேட்டால், எங்கள் வீடுகளுக்கு முந்தின வளைவைக் காட்டுவார்கள். எங்கள் ஆட்களுக்கு வேலை என்றால் நாற்று நடுவது, கரும்பு வெட்டுவது, முக்கியமாகச் சவுக்கு வெட்டுவது. அண்ணனும் சவுக்குதான் வெட்டினான். ஆனால் அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துத் தேறியவன். எங்கள் குடியிருப்பில் அப்படித் தேறிய முதல் ஆள். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து, மழைக்கு ஒழுகாத ஒரே மூலையில் ஆணி அடித்து மாட்டியிருந்தான். தோப்புக்குப் போகும்போது அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருமுறை அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரகடம் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. அதில் ஒன்றுக்கு எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். ஃபிட்டர் படிப்பு வேண்டும், வயது இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. வருடத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ அறிவிப்பு வரும். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்சியும் அதுவே.

சென்டரின் ஓனருக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். நிலபுலன் உள்ள குடும்பம். அண்ணன் வெட்டிய சவுக்குத் தோப்பு அவர்களுடையதுதான். நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் செல்போன், யார் வந்தாலும் சிரித்த முகம். கோபமே வராத ஆள் என்று ஊரில் அவனுக்குப் பெயர். கோபம் எதற்கு வரப்போகிறது, நினைத்ததெல்லாம் நடந்தால்.

அந்த சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். மானிட்டரின் மேல் குங்குமம் வைத்து, பக்கத்தில் ஊதுவத்தி எரியும். மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆபரேட்டர் பெண், வந்தவரின் விவரங்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டுவாள். எல்லாம் முடிந்ததும் மவுஸை வந்தவர் பக்கம் நகர்த்தி, "உங்க கையாலயே அமுத்துங்க, நல்லதா நடக்கும்" என்பாள். நிச்சயதார்த்தத் தட்டை மாற்றுகிற மாதிரி, பயபக்தியோடு அழுத்துவார்கள். இதை ஓனர்தான் ஏற்படுத்தினான். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அண்ணன் முதல் தடவை போனபோது நானும் கூடப் போனேன். அப்போது காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். அண்ணன் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் ஐந்து விரலாலும் அமுக்கிப் பிடித்தான்.

ஓனர் சிரித்தான். "இன்னாடா, ஏரி வரப்புல எலி புடிக்கிற ஜாதி. ஒனக்கு மவுஸ் புடிக்க நான் கத்துக் குடுக்கணுமா?"

சென்டரில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன், அவன் சிரித்ததை மறக்க முடியவில்லை.

பொத்தானை அழுத்தினான். அழுத்தின கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடுத்த கணமே திரையில் கம்பெனியின் முத்திரையோடு 'நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்தது.

அவனுக்கு முன்னால் போட்ட பையன் ஊருக்குள் கடை வைத்திருப்பவரின் மகன். அவனுக்கு அந்த நன்றி வர வெகுநேரம் ஆனது. அப்போது நெட்டின் வேகம் அவ்வளவுதான். மணற்கடிகாரம் திரையில் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிரும். அந்தப் பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அண்ணன் கவனித்திருக்கிறான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

"பாத்தியா பாப்பா? அந்தப் பையனுக்கு சுத்திக்கினே இருந்துச்சு. எனுக்கு சட்டுனு வந்துச்சு பாரு. இது கெடச்சிரும்."

கிடைக்கவில்லை. அடுத்த அறிவிப்புக்கும் போட்டான். அதற்கடுத்ததற்கும் போட்டான். ஒவ்வொரு தடவையும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பை வாசலில் விட்டு, தன் கையாலேயே அழுத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் நன்றி சட்டென்று வந்தது. அழைப்பு மட்டும் வரவில்லை. ஊருக்குள்ளிருந்து இவனைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்கள் யூனிஃபார்ம் போட்டுக் கம்பெனி வேனில் ஏறினார்கள். அண்ணனின் வயது இருபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்தால் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த லேமினேட் போட்ட சான்றிதழ் சுவரில் மாட்டுவதற்கு மட்டும்தான் ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாய் விட்டு யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் சித்திரையில் நான் படிப்பை முடித்து, கூடவே இணையப் பக்கம் எழுதுகிற எச்.டி.எம்.எல். கோர்ஸ் ஒன்றும் முடித்து ஊருக்கு வந்தேன். சென்டரில் இருந்த ஆபரேட்டர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஓனரே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சி ஏசி ரூமில் உட்காரப்போகிறாள் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

முதல் நாள் என்னை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து ஓனர் வேலையைச் சொல்லிக்கொடுத்தான். மத்தியான நேரம், சென்டரில் வேறு யாரும் இல்லை. திரையில் விண்ணப்பப் படிவம். கடைசியில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் 'சப்மிட்', இன்னொன்றில் 'ஓகே'. வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலிலிருந்து பார்த்தால் திரை பாதிதான் தெரியும், ஆகவே இரண்டு பொத்தான் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"ஊருக்குள்ள வூடு இருக்கறவங்களா இருந்தா அம்புக்குறிய சப்மிட்ல வெச்சு மவுஸ குடு. காலனி, உங்காளுங்க, ஏரிக்கரை ஆளுங்க, அவங்கள்லாம் ஓகே. அட்ரஸ் கேட்டாலே தெரிஞ்சிரும். வேற இன்னா, ஒண்ணும் கஷ்டமில்ல."

"ஓகே எங்க போவுது சார்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது. இங்கயே கீது." கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

அவன் ரொம்பச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரர்கள் எல்லா ஊர் ஆட்களுக்கும் வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். யாரையும் வராதே என்று சொல்ல முடியாதாம். "எல்லாரும் கம்பெனிக்கு பூட்டா சவுக்கு எவன் வெட்டுவான், நீயே சொல்லு? அதுக்குன்னு இல்லன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க, பேஜாரு. ஓகேன்னு அமுத்தச் சொன்னா கும்புட்டுட்டு போவாங்க."

இதை என்னிடம் சொல்ல அவனுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. என்னை ஏன் வேலைக்கு எடுத்தான் என்பதையும் அவனே சொன்னான். எங்கள் ஆள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எங்கள் ஆட்கள் நம்பி வருவார்களாம். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் அவன் தோப்பில்தானே வெட்டுகிறான். "ஒங்கண்ணன் விஷயத்த நான் தனியா பாத்துக்கறேன்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

அவன் போனதும் நான் இரண்டு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். சப்மிட்டை அழுத்தினேன், மணற்கடிகாரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு நன்றி வந்தது. ஓகேயை அழுத்தினேன். சட்டென்று வந்தது.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் எதை நல்ல சகுனம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தானோ, அதுதான் அவனை எங்கேயும் அனுப்பவில்லை என்பதற்கு அடையாளம். தூரத்தில் இருக்கிற கம்பெனிக்குப் போய்த் திரும்புவதற்குத்தானே நேரமாகும். பக்கத்து ஃபோல்டரில் இருக்கிற ஒரு பக்கத்தைத் திறக்க எதற்கு நேரம்.

நோட்பேடில் படிவத்தைத் திறந்து பார்த்தேன். இது என்ன வித்தை என்று படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். படிவத்தின் தலைப்பில் ஒரு விலாசம் எழுதியிருக்கும். அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். பொத்தானை அழுத்தினால் கட்டங்களில் எழுதியதெல்லாம் அந்த விலாசத்துக்குப் போகும். ஆனால் பொத்தானுக்குள்ளேயே ஒரு வரி எழுதி வைத்தால், அழுத்துகிற கணத்தில் அது தலைப்பில் இருக்கும் விலாசத்தை மாற்றிவிட்டு அனுப்பும். ஒரே படிவம், இரண்டு பொத்தான், இரண்டு வழி. அந்த நாளில் அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை, பொத்தானுக்கே ஃபார்ம்ஆக்‌ஷன் என்று ஒரு பண்பைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல காரியத்துக்குத்தான் கொடுத்தார்கள். ஒரு பொத்தான் சேமிக்கும், ஒரு பொத்தான் அனுப்பும். வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஓனரின் சொந்தக்காரப் பையன் ஒருவன், ஏதோ கல்லூரியில் படிக்கிறவன், அதை எழுதிக் கொடுத்திருந்தான். கம்பெனியின் நன்றிப் பக்கத்தை முத்திரையோடு அப்படியே காப்பி எடுத்து இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தான். ஓகே பொத்தானுக்கு அந்தப் பக்கத்தின் விலாசம். தப்பில்லாமல், வரிவரியாகத் தள்ளி, அழகாக எழுதியிருந்தான். வாத்தியார் பார்த்தால் மார்க் போடுவார். நான் அவன் கை ஒடிந்து போகட்டும் என்று சபித்தேன், அதே வாயால் இன்றைக்கும் சபிக்கிறேன்.

போலீசுக்குப் போகலாமே, கம்பெனிக்குச் சொல்லலாமே என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்வார்கள். ஏரிக்கரைப் பெண் போய், பொத்தானில் விலாசம் மாறியிருக்கிறது என்று உத்திரமேரூர் ஸ்டேஷனில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வைக்கோல் போரில் தீ வைத்தான், கோழி திருடினான் என்று எங்கள் ஆட்களை அழைத்துப் போன இடம் அது. நான் வேறு வேலை செய்தேன். எனக்குத் தெரிந்த வேலை.

அடுத்த அறிவிப்பு வைகாசியில் வந்தது. ஆடிக்கு இன்னும் நாள் இருந்தது. அன்று காலை ஓனர் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வெளியே டீ குடிக்கப் போனான். நான் நோட்பேடைத் திறந்து இரண்டு விலாசத்தையும் இடம் மாற்றினேன். சப்மிட்டின் விலாசத்தை ஓகேக்குப் போட்டேன், ஓகேயின் விலாசத்தை சப்மிட்டுக்குப் போட்டேன். சேவ் செய்து மூடினேன்.

இரண்டு பொத்தானையும் கம்பெனிக்கே போகும்படி வைத்திருக்கலாம். அதுதான் நியாயம் என்று எனக்கும் தெரியும். நான் நியாயம் செய்ய உட்காரவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆள் வந்துகொண்டிருந்தார்கள். ஓனர் சொன்னதை ஒரு பிசகும் இல்லாமல் செய்தேன். ஊருக்குள் வீடு என்றால் சப்மிட். காலனி என்றால், ஏரிக்கரை என்றால் ஓகே. ஓனர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சூப்பரா பண்ற" என்றான். அவன் மனைவியின் தம்பி வந்தான். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தான். எந்தக் கம்பெனி என்றுகூடச் சரியாகத் தெரியாது, மாமா சொன்னார் என்று வந்தவன். "உங்க கையாலயே அமுத்துங்க சார், நல்லதா நடக்கும்" என்று மவுஸை நகர்த்தினேன். அழுத்தினான். அவனுக்கு நன்றி சட்டென்று வந்தது. "அட, ஸ்பீடா கீதே!" என்றான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அண்ணன் வந்தான், அதே வெள்ளைச் சட்டையில். தோப்பில் வேலையைப் பாதியில் விட்டு, பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்திருந்தான். நானே அவன் விவரங்களைத் தட்டினேன். மவுஸை நகர்த்தினேன். அழுத்தினான். மணற்கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கடிகாரத்தைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. சுற்று, நன்றாகச் சுற்று, ஒரகடம் வரைக்கும் போய்விட்டு வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. "இன்னா பாப்பா, சுத்துது? எனுக்கு எப்பவும் சட்டுனு வருமே." கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், சட்டையில் துடைத்துக்கொண்டு போனான்.

ஆனி கடைசியில் அழைப்புப் பட்டியல் சென்டருக்கு வந்தது. ஓனர் படித்தான். திரும்பப் படித்தான். காலனிப் பையன்கள், ஏரிக்கரைப் பையன்கள், என் அண்ணன். ஊருக்குள்ளிருந்து ஒரு பெயர்கூட இல்லை. மச்சான் பெயரும் இல்லை. என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தான். ஓகேயை அழுத்தினான். மணற்கடிகாரம் சுற்றுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு சப்மிட்டை அழுத்தினான். சட்டென்று வந்தது நன்றி.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். சிரித்தான். "படிச்ச படிப்பு நல்லாத்தான் வேல செய்யுது. வூட்டுக்கு போ." அவ்வளவுதான். வாசலில் என் செருப்பைத் தேடினேன், காலால் தள்ளி ரோட்டில் போட்டிருந்தார்கள்.

எனக்கு வேலை போனதில் வருத்தமே இல்லை. அண்ணன் கைக்கு அழைப்பு வந்துவிட்டது. பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் ஆடி முதல் வாரம் நாள் குறித்திருந்தார்கள். விண்ணப்பம் போட்டபோது அவனுக்கு வயது தாண்டவில்லை, அது போதும் என்று நான் நம்பினேன். ஷூ இரவல் வாங்கி, சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் மாறிப் போனோம். கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை. எதிரில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடியிருப்புப் பையன்கள் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கடைசியில் வந்தான். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"வேலைக்கு சேர்ற தேதிக்குத்தான் வயசு பாப்பாங்களாம். தாண்டிடுச்சாம்."

என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பரீட்சைல நான்தான் பாப்பா ஃபர்ஸ்ட்டாம். அந்த ஆபீசரு நல்லவரு. போன வருசமே போட்டிருக்கலாமேப்பான்னாரு. போட்டேன் சார், நெறைய வாட்டி போட்டேன்னேன். கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தாரு. என் பேரு இந்த ஒரு வாட்டிதான் கீதாம். பொய் சொல்லாதப்பா, நீங்கள்லாம் நேரத்துக்கு அப்ளை பண்றதில்ல, அப்பறம் எங்கள கொற சொல்றீங்கன்னாரு."

அந்தப் புளியமரத்தடியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பொத்தான், இரண்டு விலாசம், காப்பி எடுத்த நன்றி, ஓனர் என்னிடம் தன் வாயால் சொன்ன வார்த்தைகள், எல்லாம். அவன் தரையில் குச்சியால் கீறிக்கொண்டே கேட்டான். நான் முடித்ததும் தலையை ஆட்டினான்.

"பட்டன அமுத்துனது நானு. அவரா அமுத்துனாரு?"

"ண்ணா, பட்டன எங்க அனுப்பணும்னு அவன்தான் எழுதி வெச்சிருந்தான்."

"அதெல்லாம் உனுக்கு சொல்லிக் குடுத்தது. நான் பாத்தேன் இல்ல, நன்றின்னு வந்துச்சு. என் கைதான் பாப்பா. என் கை ராசி அப்பிடி."

எவ்வளவோ சொன்னேன். கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தான். சவுக்கு வெட்டிக் காய்த்துப் போன கை. ஓனர் மேல் சந்தேகப்படுவதைவிட அந்தக் கையின் மேல் சந்தேகப்படுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த கோபம், ஓனர் மேல்கூட வந்ததில்லை.

மறுநாள் அண்ணன் தோப்புக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என்னால் அவன் வேலையும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஓனர் அவன் தோளைத் தட்டி, "கம்பெனிக்காரன் வேணாம்னுட்டான். நானும் வேணாம்னு சொல்வனா? போ, போய் வெட்டு" என்றானாம். அண்ணன் அதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "அவருகிட்ட போய் நீ இப்பிடி பண்ணிட்டியே" என்று என்னைக் கேட்டான்.

வேலை கிடைத்த பையன்களின் வேன் தினமும் காலையில் அந்தத் தோப்பு ஓரமாகத்தான் போகும். ஜன்னல் வழியாக அண்ணனுக்குக் கை காட்டுவார்கள். அவனும் அரிவாளை மாற்றிப் பிடித்துக்கொண்டு கை காட்டுவான்.

அடுத்து வந்த உள்ளூர்த் தேர்தலில் ஓனர் நின்றான். எங்கள் குடியிருப்புக்கு வந்து, "உங்க பசங்கள வேன்ல ஏத்தி உட்டது யாரு?" என்று கேட்டான். எல்லோரும் அவனைக் காட்டினார்கள். மாலை போட்டார்கள். அண்ணன்தான் பூ வாங்கி வந்தான். யாருக்கு நிலம் இருக்கிறதோ, சொந்த மனையில் வீடு இருக்கிறதோ, அவர்கள் பெயரைத்தான் ஓலையில் எழுதித் தேர்தல் குடத்தில் போட வேண்டும் என்று எங்கள் ஊர்க் கோயில் கல்லில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஓனர் ஜெயித்தான்.

நான் செங்கல்பட்டுக்குப் போனேன், அங்கிருந்து சென்னைக்குப் போனேன். நாள் முழுக்கப் படிவங்கள். ஒவ்வொரு பொத்தானும் எங்கே அனுப்புகிறது என்று நான் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதைப் பார்த்து ஆபீசில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

போன தடவை ஊருக்குப் போனபோது அண்ணன் மகள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. என் செல்போனிலேயே எல்லா விவரத்தையும் நிரப்பினேன். கடைசிப் பொத்தான் வந்தது. ஒரே ஒரு பொத்தான்தான். போனை அண்ணனிடம் நீட்டினேன். "நீ அமுத்துண்ணா. ஒன் பொண்ணுக்கு."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கிழவன் மாதிரி ஆகியிருந்தான். "வேணா பாப்பா. நான் அமுத்துனா போவாது. நீயே அமுத்து. புள்ள படிக்கட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் போனைக் கொடுத்தேன். அவள் அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஏரிக்கரையில் சிக்னல் எப்போதும் மந்தம். சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தான். மகளுக்குக் கேட்காமல் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"சுத்துது பாப்பா. இவளுக்கும் கெடைக்காது போல. எனுக்குன்னா சட்டுனு வந்துடும்."